கிளாரன்ஸ் ஊற்றிய எண்ணெய்

என் தங்கை ஹெலனைக் கட்டிய கிளாரன்ஸுக்கு உலகத்தில் முக்கால்வாசிப் பொருள் அருவருப்பு. மீதிக் கால்வாசியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தால் சகித்துக்கொள்வார். ஓட்டல் டம்ளர், பஸ் கம்பி, பாலில் மிதக்கும் ஆடை, அடுத்தவர் சீப்பு, கை குலுக்குகிறவர்கள், குலுக்கிவிட்டுக் கையை விடாமல் பேசுகிறவர்கள் எல்லாமே அந்த முக்கால்வாசியில் அடக்கம்.

பெரிய வெள்ளிக்கிழமை கோவிலில் சிலுவை முத்தி செய்ய ஊரே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு வாய் பட்ட பிறகும் பக்கத்தில் நிற்பவர் ஒரு வெள்ளைத் துணியால் துடைப்பார். கிளாரன்ஸுக்கு அந்தத் துணிமேலேயே நம்பிக்கை கிடையாது. அதனால் வழிபாட்டுக்கு வெகுநேரம் முன்பே போய், வெயிலில் காய்ந்து, வரிசையின் முதல் ஆளாக நின்றுவிடுவார். முதல் வாய் தன்னுடையதாக இருந்தால் கவலை இல்லை அல்லவா? இதைப் பக்தி என்று நம்பி ஏமாந்த ஃபாதர், ஒரு வருஷம் பிரசங்கத்திலேயே அவரை எடுத்துக்காட்டாகச் சொன்னார். மூன்று கிழவிகள் அழுதார்கள்.

கல்யாணத்தன்று மோதிரத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் ஹெலனுக்குப் போட்டார். அதை நான் மன்னித்தேன். போடுவதற்கு முன்னால் ஹெலனின் விரலையும் துடைத்தார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். பேண்டு வாத்தியச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஆள் பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். வரிசைக்கு ஒரு குழாய், வரிசைக்கு ஒரு கக்கூஸ். அவருடைய அப்பா பூமிக்குள்ளிருந்து மேலே வரும்போது கண் இரண்டும்தான் வெள்ளையாக இருக்குமாம், சொந்த நாயே குரைக்குமாம். அந்தக் கக்கூஸ் வாசலில் வாளியோடு நின்று வளர்கிறவன் ஒன்று எதற்கும் முகம் சுளிக்காதவனாக ஆவான், இல்லை கிளாரன்ஸாக ஆவான்.

இப்படிப்பட்ட மூக்குக்கும் பிடித்த மணம் ஒன்று இருந்தது. டூ ஸ்ட்ரோக் பைக்கின் புகை. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து எரியும்போது வருகிற அந்த இனிப்பும் காரமும் கலந்த நீலப் புகை. மல்லிகைப் பூவை முகர்ந்தால் தும்மும் மனிதர், சைலன்ஸர் பக்கத்தில் கண்ணை மூடி நின்றுகொண்டிருப்பார். பிரேசர் டவுனில் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டும் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே புகையை முகர்ந்து, யார் வருகிறார், எந்த பங்கில் பெட்ரோல் போட்டார், காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டாரா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். கடைசி விஷயத்தில் மட்டும் சில சமயம் தப்பாகும்.

பிறகு அந்த வண்டிகளெல்லாம் ஒவ்வொன்றாக ரோட்டை விட்டுப் போயின. ஒர்க்‌ஷாப் மூடியது. அதே இடத்தில் இப்போது ஒரு ஷவர்மா கடை. இறைச்சிக் கம்பி சுற்றுவதையும், அதிலிருந்து கொழுப்பு வழிவதையும், அதை ஜனங்கள் நின்றபடி தின்பதையும் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு வேளை சாப்பிடவில்லை. குடும்பம் ஆனேக்கல் ரோட்டுப் பக்கம் குடிபெயர்ந்தது. அங்கே ஹூவினகெரே என்ற ஏரிக்கரையில் வில்லாக்கள் நிறைந்த ஒரு லேஅவுட். அந்த லேஅவுட்டின் குழந்தைகள் காப்பகத்தில் ஹெலனுக்கு வேலை.

ஹூவினகெரே என்றால் கன்னடத்தில் பூ ஏரி. இப்போது அங்கே பூப்பது நுரை மட்டும்தான். எந்தெந்த வீட்டுச் சாக்கடையோ, எந்தெந்த ஷெட்டின் சாயத் தண்ணீரோ வந்து சேர்ந்து, காற்றடித்தால் நுரை எழும்பிக் கரை தாண்டி ரோட்டுக்கு வரும். ஸ்கூட்டரில் போன ஒருவர் நுரைக்குள் புகுந்து, மறுபக்கம் வேறொருவருடைய ஸ்கூட்டரோடு வெளியே வந்ததாகக் கேள்வி. நுரை இல்லாத இடத்தில் ஆகாயத்தாமரை. அது இல்லாத இடத்தில் குழந்தைகளின் டயப்பர், ஊதிப்போன மீன், மாலையோடு வீசின சாமி படம், தலையணை. கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது தவத்துக்காக என்று நாம் படித்திருக்கிறோம். ஹூவினகெரே கொக்கு ஒற்றைக் காலில் நிற்பது இன்னொரு காலாவது சுத்தமாக இருக்கட்டுமே என்றுதான்.

பெருமழை வருஷம் இந்த ஏரி லேஅவுட்டுக்குள்ளேயே நுழைந்தது. கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாம் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். அந்தப் பயத்தில் ஒரு ஃபைபர் படகும், அதன் பின்னால் மாட்டுகிற ஒரு டூ ஸ்ட்ரோக் மோட்டாரும் வாங்கினார்கள். வாங்கியதும் மழை நின்றுவிட்டது. படகைச் சும்மா வைத்திருக்க மனம் வராமல், அதை வைத்து ஏரியில் செடியும் குப்பையும் அள்ளலாம் என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். குழுவுக்குத் தலைவி வீணா. மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம், பெரிய கம்பெனி வேலை, கையில் எப்போதும் போன். "ஹெலன், உங்க ஹஸ்பண்ட் டூ ஸ்ட்ரோக் மெக்கானிக்தானே? படகு ஓட்டுவாரா?" என்று அவர் கேட்டபோது, ஹெலன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமலேயே "ஓட்டுவாரு மேடம்" என்று சொல்லிவிட்டாள்.

"அந்த ஏரியா?" என்று கத்தினார் கிளாரன்ஸ். "ஹெலன், அது ஏரி இல்ல. மூடி போடாத செப்டிக் டேங்க்."

"படகுலதானே உக்காரப் போறீங்க? முங்கிக் குளிக்கவா சொன்னாங்க?"

"தெறிக்கும்."

"தெறிச்சா தொடச்சுக்குங்க. வீட்ல உக்காந்து நான் கழுவின கரண்டிய மறுபடி கழுவுறத விட அது எவ்வளவோ மேல்."

"சொல்லிட்டேன் ஹெலன். அந்தத் தண்ணி ஒரு சொட்டு என் மேல பட்டுதுன்னா, அன்னிக்கே வேலைய விட்டுடுவேன்."

"விடுங்க. விட்டுட்டு வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

இப்படியாக, அந்தத் தண்ணீர் மேலே படாமல் அந்தத் தண்ணீரின் மேலேயே பிழைக்க வேண்டும் என்பது கிளாரன்ஸின் தலையெழுத்தாயிற்று. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், முழங்கை வரைக்கும் கையுறை, தலையில் குளிக்கும்போது பெண்கள் போடும் பிளாஸ்டிக் குல்லா, சுட்டெரிக்கும் வெயிலில் ரெயின்கோட், மூக்கில் ஓடிகொலோன் நனைத்த கைக்குட்டை. முதல் நாள் இந்தக் கோலத்தைப் பார்த்த லேஅவுட் நாய்கள் மறு வாரம் வரைக்கும் ஏரிப் பக்கம் வரவில்லை.

படகில் அவரோடு போகிறவள் லட்சுமம்மா. பக்கத்து ஊர், ஐம்பது வயதிருக்கும், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். நீளமான வாரியை வீசிச் செடியை இழுத்து, வெறுங்கையாலேயே அள்ளிப் படகில் போடுவாள். அதே கையால் வெற்றிலை மடித்து வாயில் வைப்பாள். அதைப் பார்க்காமலிருக்கக் கிளாரன்ஸ் மோட்டாரைப் பார்ப்பார். மோட்டாரோ ஏரித் தண்ணீரை உள்ளே இழுத்துத் தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பீச்சிக்கொண்டிருக்கும். "நோடு, ஒண்ணுக்குப் போகுது" என்பாள் லட்சுமம்மா. கிளாரன்ஸ் வானத்தைப் பார்ப்பார்.

விஷயமே இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய்த் தொட்டி தனியாகக் கிடையாது. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற எண்ணெய்தான் உள்ளே உராயாமல் காத்து, அப்படியே எரிந்தும் போகும். பைக் காற்றில் சூடு தணிகிற வண்டி, கொதிக்கக் கொதிக்க ஓடும். அதற்கென்று செய்கிற எண்ணெயில் அந்தக் கொதிப்பைத் தாங்குவதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், எரிந்தால் கொஞ்சம் சாம்பல் தங்கும். படகு மோட்டார் தண்ணீரில் குளிர்ந்துகொண்டு, மணிக்கணக்காக ஒரே வேகத்தில் உழைக்கிற ஜாதி. அந்தச் சாம்பல் அதற்குள் படிந்து படிந்து பிளக்கை அடைக்கும், பிஸ்டன் வளையத்தைப் பிடிக்கும். அதனால் சாம்பல் விடாத தனி எண்ணெய் வேண்டும். டி.சி.டபிள்யூ.த்ரீ என்று அதற்குப் பெயர், அந்த டபிள்யூ தண்ணீரைக் குறிப்பது. மோட்டார் மூடியின் மேலேயே இதெல்லாம் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது: இந்த எண்ணெய்தான், ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு.

கிளாரன்ஸ் படித்தார். படித்துவிட்டு, "டூ ஸ்ட்ரோக்னா டூ ஸ்ட்ரோக்தான். ஆட்டுக்கு ஒரு புல்லு, மாட்டுக்கு ஒரு புல்லா?" என்று பைக் எண்ணெயை ஊற்றினார். ஐம்பதுக்கு ஒன்று எல்லாம் கஞ்சத்தனம் என்று, பழைய வண்டிகளுக்குப் போடுகிற மாதிரி இரண்டு பங்குக்கு மேலேயே ஊற்றினார்.

கயிற்றை இழுத்தார். ஒரு நீல மேகம் கிளம்பியது. கிளாரன்ஸ் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். ஏரியின் நாற்றம் காணவில்லை! பிரேசர் டவுனின் காலை நேரம் முழுக்க வந்து அவரைச் சுற்றி நின்றது. அன்றையிலிருந்து ஹூவினகெரேயில் ஒரு புகை மூட்டம் செடி அள்ளிக்கொண்டு போவதும் வருவதும்தான் தெரியும். உள்ளே படகு இருப்பது ஊகம். மேலே பறந்த பருந்து இருமியதாக லட்சுமம்மா சத்தியம் செய்கிறாள்.

கொஞ்ச நாளில் மோட்டார் இரும ஆரம்பித்தது. முதலில் கரையோரம் நின்றது. பிளக்கைக் கழற்றிச் சுரண்டிப் போட்டார், ஓடியது. பிறகு கொஞ்சம் தள்ளி நின்றது. பிறகு இன்னும் தள்ளி. நின்றபோதெல்லாம் லட்சுமம்மா ஒரு பலகையை எடுத்துத் துடுப்பாக வலிப்பாள். பலகை தண்ணீரில் விழும் ஒவ்வொரு தரமும் கிளாரன்ஸ் படகின் நடுவில் குந்திக்கொண்டு, ரெயின்கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்வார், ஆமை மாதிரி.

"மெல்ல, லட்சுமம்மா! மெல்ல! தெறிக்குது!"

"மெல்ல வலிச்சா நாளைக்குத்தான் சார் கரை. மோட்டார் கை கொட்டுபிட்டுது, நான் ஏனு மாடலி?"

கன்னடத்தில் ஒருவர் கை கொடுத்துவிட்டார் என்றால் காலை வாரிவிட்டார் என்று பொருள். தமிழில் நேர் எதிர். இரண்டு மொழியிலும் வாழ்கிறவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

வீணாவே கரைக்கு வந்து பார்த்தார். மோட்டாரின் மூடியைப் பார்த்தார், பிறகு கிளாரன்ஸின் எண்ணெய் டப்பாவைப் பார்த்தார். டப்பாவில் பைக் படம் போட்டிருந்தது. இரண்டு நாளில் ஒரு கேன் வரவழைத்துக் கொடுத்தார்.

"மேலயே எழுதியிருக்கு இல்ல கிளாரன்ஸ்? இதையே ஊத்துங்க, ப்ளீஸ்."

"மேடம், எத்தன வண்டி பாத்தவன் நானு..."

"பைக் பாத்தீங்க. இது தண்ணி அடிக்கிற மோட்டார்."

லட்சுமம்மா வெற்றிலை தெறிக்கச் சிரித்தாள். "தண்ணி அடிக்கிறது மோட்டாரு. எண்ணெ ஹொடியோது யாரு மேடம்?"

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்க் குடிகாரர் தண்ணி அடிப்பார். கன்னடக் குடிகாரர் எண்ணெ அடிப்பார். இந்த ஊரில் ஒரு படகு மோட்டாரைப் பற்றி நாலு வார்த்தை பேசினால், பேச்சு தானாகவே நடந்து சாராயக் கடை வாசலுக்குப் போய்விடும். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், கிளாரன்ஸைத் தவிர. அவர் கேனின் மூடியைத் திறந்து முகர்ந்து, "இருமல் மருந்து" என்று முகத்தைச் சுளித்தார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது இதைக் கிளறினேன். கிளறாமல் என்னால் இருக்க முடியாது.

"என்ன மாப்பிள்ளை, புது எண்ணெய் எப்படி?"

ஹெலன் சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "ஒரு டேங்க் ஊத்திப் பாத்தேன் அக்கா. நல்லாத்தான் ஓடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, தையல் மெஷின் மாதிரி ஓடுச்சு."

"அப்புறம் என்ன?"

"பொகை இல்ல."

"நல்லதுதானே?"

"பொகை இல்லன்னா நாத்தம் வருது அக்கா. நேரா வருது. கொடல் வாய்க்கு வந்துடுச்சு. சரி, வாந்தி எடுக்கலாம்னு ஓரத்துல குனிஞ்சா, அந்தத் தண்ணி மூஞ்சிக்குப் பக்கத்துல வருது."

"அதனால?"

"முழுங்கிட்டேன்."

என் தட்டில் இருந்த மீன் குழம்பை நான் அப்படியே தள்ளி வைத்தேன். மனுஷன் மேற்கொண்டு விவரமாகச் சொல்லத் தயாராக இருந்தார். அவருக்கு எது சரியான எண்ணெய் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தே தப்பானதை ஊற்றுகிறார், ஊதுவத்தி ஏற்றுகிற மாதிரி. வீணா கொடுத்த கேன் படகின் பலகைக்கு அடியில் தூங்கியது. பழைய கூட்டாளி ஒருவரிடமிருந்து பைக் எண்ணெய் வந்துகொண்டிருந்தது.

குட்டு உடைந்தது ஒரு வார்த்தையால்.

ஒருநாள் கரையில் பெட்ரோலை ஊற்றிவிட்டுப் பார்த்தால் எண்ணெய் டப்பா காலி. இன்னொரு டப்பா அவருடைய பைக் பெட்டியில், லேஅவுட் கேட்டில் இருந்தது. கையுறை போட்ட கையால் போனைத் தொட முடியாது. "லட்சுமம்மா, கேட்டுக்குப் போன் போடு. கிளாரன்ஸ் சாருக்கு எண்ணெ வேணும், வண்டில இருக்குது, கொண்டு வரச் சொல்லு" என்றார். அவள் கேட்டுக்குப் பதிலாக வீணாவுக்கே போட்டுவிட்டாள். "மேடம், கிளாரன்ஸ் சாருக்கு எண்ணெ பேக்கந்தெ. அர்ஜெண்டு. எண்ணெ இல்லாம படகு தெகியல்லவந்தெ." எண்ணெ உள்ளே போகாமல் இந்த மனிதர் படகை எடுக்க மாட்டாராம் என்றுதான் இது யார் காதிலும் விழும்.

வீணா செக்யூரிட்டியோடு கரைக்கே வந்துவிட்டார். செக்யூரிட்டியின் கையில், ராத்திரி கேப் டிரைவர்களை ஊதச் சொல்கிற கருவி.

"ட்யூட்டி டைம்ல எண்ணெ கேட்டீங்களாமே? ஊதுங்க."

கிளாரன்ஸ் அந்தக் கருவியின் வாய்க்குழாயைப் பார்த்தார். அதன் முனையில் யாரோ கடித்த தடம் இருந்தது. ஓரத்தில் ஏதோ காய்ந்திருந்தது.

"இதுலயா? மாட்டேன் மேடம்."

"குடிக்கலன்னா ஊதறதுக்கு என்ன?"

"எத்தன வாய் வெச்சதோ! சத்தியமா மாட்டேன். போலீஸ்ல வேணா குடுங்க."

குடிகாரர் என்பது உறுதியாயிற்று. காப்பகத்திலிருந்து ஹெலன் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மேடம், இந்த ஆளு குடிச்சா நானே கோவிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏத்துவேன். குடிச்சாவது மனுஷன் மாதிரி ஒரு டம்ளரத் தொடுறாரேன்னு."

"நான் ஹேளித்து மோட்டார் எண்ணெ மேடம்!" என்று லட்சுமம்மாவும் அப்போதுதான் வாயைத் திறந்தாள். கூட்டத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். வீணா மட்டும் விடவில்லை.

"மோட்டார் எண்ணெயா? நான் குடுத்த கேன் அதுக்குள்ள காலியாயிடுச்சா?"

பலகையைத் தூக்கினார்கள். கேன் கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. கிளாரன்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனைக்கும் ஹூவினகெரேயில் ஈக்குப் பஞ்சமே கிடையாது.

"இனிமே இதுதான் ஊத்தணும்" என்றார் வீணா. "பால்கனில எல்லாம் பொகைன்னு கம்ப்ளெய்ன்ட் வேற. இன்னொரு தரம் அந்த மோட்டார் நடு ஏரியில நின்னா, வேற ஆள் பாத்துக்கறேன். ஸாரி."

இந்த இடத்தில் மனிதன் திருந்தியிருக்க வேண்டும். கிளாரன்ஸ் சமரசம் செய்தார். மறுநாள் டேங்கில் பாதிக்கு வீணாவின் எண்ணெய், பாதிக்குத் தன்னுடைய எண்ணெய். ஓட்டமும் வேண்டும், மணமும் வேண்டும். கொஞ்ச தூரம் போகும் வரைக்கும் இரண்டும் இருந்தது. ஏரியின் சரி நடுவில், நுரை மலை மலையாக நிற்கிற இடத்தில், மோட்டார் ஒரு தரம் செருமியது, காறியது, நின்றது.

கயிற்றை இழுத்தார். வரவில்லை. பிளக்கை மாற்றினார். வரவில்லை. கயிறே பாதிக்கு மேல் வர மறுத்தது.

"விடு சார். நான் செடியப் புடிச்சு இழுக்கறேன்" என்று லட்சுமம்மா எழுந்து, வாரியைத் தூரத்தில் ஆகாயத்தாமரைக் கூட்டத்தின் மேல் வீசி, சாய்ந்து இழுத்தாள். செடி அப்படியே பிய்த்துக்கொண்டு வந்தது. லட்சுமம்மா போனாள். நுரை திறந்து அவளை வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது.

கிளாரன்ஸ் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் நுரைக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. மார்பளவுத் தண்ணீர்தான், ஆனால் கீழே இருப்பது தரை இல்லை, எத்தனையோ வருஷத்துச் சேறு. அது ஆளை மெல்லக் கீழே இழுத்தது. கழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

"சார்! கை கொடி!"

கிளாரன்ஸ் பலகையை நீட்டினார். நீட்டுவதற்கு முன்னால் அதன் பிடியில் கைக்குட்டையைச் சுற்றினார், அதுதான் கிளாரன்ஸ். லட்சுமம்மா பிடித்தாள், பாசி வழுக்கியது, விட்டது. இன்னொரு தரம் பிடித்தாள். பலகையே போய்விட்டது. மோவாய்க்கு மேல் வந்தது தண்ணீர். அவள் காறித் துப்பினாள். அந்தத் தண்ணீர் அவள் வாய்க்குள் போனதைக் கிளாரன்ஸ் பார்த்தார்.

"கை கொடி மாராயா! கை!"

அவர் ஓரத்தில் குப்புறப் படுத்துக் கையை நுரைக்குள் விட்டார். முழங்கை, தோள். எதுவோ ஈரமாகக் கன்னத்தில் உரசியது. அவள் கையைப் பிடித்துவிட்டார். பிடித்து இழுத்தபோது கையுறை வழுக்கிக் கழன்று அவளோடு போயிற்று. வெறுங்கையால் மறுபடி பிடித்தார். அவள் கனமான பெண்மணி. இவர் ஒல்லி. பூட்ஸ், ரெயின்கோட், பிளாஸ்டிக் குல்லா எல்லாவற்றோடும் கிளாரன்ஸ் தலைகீழாக ஏரிக்குள் போனார்.

உள்ளே என்ன பார்த்தார் என்று இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் நான் உங்களுக்குச் சொல்லாமலா இருப்பேன்?

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றார்கள். பிறகு அதைப் பிடித்தபடியே, சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூட்ஸ் இரண்டும் சேற்றோடு போய்விட்டன. வெறுங்காலில் என்னென்னவோ மிதிபட்டது, சில நழுவின, சில உடைந்தன. கரைக்கு வரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே போய்விடுமே.

ஹெலன் அவரை வீட்டுக்குள் விடவில்லை. வாசலிலேயே நிற்கவைத்து, தோட்டத்துக் குழாயை மாட்டி, பினாயில், வேப்பிலை, மஞ்சள், இரண்டு கட்டி சோப்பு என்று தேய்த்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"பட்டுடுச்சே" என்றாள் நடுவில். "வேலைய விடப்போறீங்களா?"

"ஒரு சொட்டு பட்டா விடறேன்னுதான் சொன்னேன்." அவர் காதிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்து வீசினார். "இது ஒரு சொட்டா?"

மறுநாள் வீணா வந்தபோது, படகுக் கொட்டகையில் மோட்டாரின் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கிளாரன்ஸ். வேறு ஆளைப் பற்றிப் பேச வந்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன ஆச்சு?"

"பாருங்க மேடம்."

பிஸ்டனின் மேல் சாம்பலும் கரியும் பிசினும் சேர்ந்து, பல்லில் ஏறிய காரை மாதிரி கெட்டியாக அப்பியிருந்தது. புகை வெளியேறும் வாசல் ஒரு விரல் நுழையாத அளவுக்கு அடைந்திருந்தது. வளையம் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. தொட்டால் பிசுபிசுத்தது.

"ஏரித் தண்ணி உள்ள போயிடுச்சா?"

"இல்ல மேடம். தண்ணி இந்தப் பக்கமே வரல. இது பூரா நான் ஊத்துனது." அவர் விரலில் ஒட்டியதைப் பார்த்தார். "தூ."

கையுறை இல்லை. புதிதாக வாங்கப் போகவும் இல்லை. மரக்குச்சியால் சுரண்டினார், பெட்ரோலில் ஊறவைத்தார், விரல் நகத்தால் பள்ளம் பள்ளமாகத் தோண்டி எடுத்தார். நகத்துக்கடியில் கறுப்பு ஏறியது. வீணா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேறு ஆள் பற்றிப் பேசாமலேயே போய்விட்டார். வளையத்தை மட்டும் புதிதாக வரவழைத்துக் கொடுத்தார்.

மோட்டாரைத் திரும்ப மாட்டிய நாள், கிளாரன்ஸ் பலகைக்கு அடியிலிருந்து அந்தக் கேனை எடுத்தார். மோட்டார் மூடியில் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பெட்ரோலில் கலந்து குலுக்கினார். இரண்டாவது டப்பா எதுவும் பக்கத்தில் இல்லை. லட்சுமம்மா ஏறி உட்கார்ந்தாள். கயிற்றை ஒரே இழுப்பு. மோட்டார் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஓட்டையில் தண்ணீர் சீராகப் பீச்சியது. புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

நடு ஏரிக்குப் போனார்கள். நாற்றம் வந்தது. அழுகிய செடி, சோப்பு, மலம், செத்த மீன், எரிந்த ரப்பர், எல்லாம் ஒன்றாகவும் தனித்தனியாகவும் வந்தது. கிளாரன்ஸின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாரி வீசிக்கொண்டிருந்த லட்சுமம்மாவைப் பார்த்தார்.

"லட்சுமம்மா."

"ஏனு சார்?"

"இப்பிடியா நாறுது? தினமும் இப்பிடித்தானா?"

"மொதல்ல இருந்து இப்பிடித்தான்."

"நீ ஒரு வார்த்த சொல்லலியே."

"யாரு கேட்டாங்க?" என்றாள் அவள், செடியைப் படகில் போட்டுக்கொண்டே.

 கிளாரன்ஸ் குமட்டலை அடக்க உதட்டைக் கடித்தார். பிறகு, "தூ, தூ, கருமம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, படகை நுரைக்குள் விட்டார்.